அளவோடு எரியும் நெருப்பு

ஆண்டு முழுவதும் வெயிலும் மழையுமாக இருக்கும் நாடுகளில் வளரும் மாணவர்களுக்கு, வீட்டைச் சூடாக்கப் பணம் செலவிடுவது புதிய செய்தியாகத் தோன்றலாம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மின்கட்டணத்தைக் கூட்டுவது பெரும்பாலும் குளிரூட்டியே. ஆனால், இத்தாலியின் வடபகுதியில் ஜனவரி மாத இரவுகளில் வெப்பநிலை 0 பாகை செல்சியஸுக்கும் கீழே இறங்குவது இயல்பு. அங்கு வீட்டைச் சூடாக வைத்திருப்பது வெறும் வசதிக்காக அன்று. குழந்தைகள், முதியோர், நோயாளிகள் ஆகியோரின் உடல்நலம் அதைச் சார்ந்துள்ளது. ஆகவே, உணவுக்கும் கல்விக்கும் பணம் ஒதுக்குவதைப்போல, குளிர்கால எரிபொருளுக்கும் குடும்பங்கள் பணம் ஒதுக்குகின்றன.

அந்த எரிபொருள்களுள் ஒன்று 'பெல்லட்'. மரம் அறுக்கும் ஆலைகளில் எஞ்சும் மரத்தூளை உலர்த்தி, மிகுந்த அழுத்தத்தில் சிறு துளைகளின் வழியே தள்ளினால், ஒடித்த பென்சில் துண்டுகளைப் போன்ற சிறு குச்சிகள் கிடைக்கும். இவையே பெல்லட். இவற்றின் விட்டம் பொதுவாக 6 மில்லிமீட்டர். நீளம் 4 சென்டிமீட்டருக்கு மேல் இராது. மரத்தில் இயற்கையாகவே உள்ள லிக்னின் என்னும் பொருள் சூட்டில் இளகி, தூளை ஒன்றாகப் பிணைக்கிறது. அதனால், தனியாகப் பசை சேர்க்க வேண்டிய தேவை பெரும்பாலும் எழுவதில்லை.

பெல்லட்டின் சிறப்பு அதன் உலர்ந்த தன்மையில் உள்ளது. அப்போதுதான் வெட்டிய மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி நீராக இருக்கும். அதை எரித்தால், கிடைக்கும் வெப்பத்தில் ஒரு பகுதி அந்த நீரை ஆவியாக்கவே செலவாகிவிடும். தரமான பெல்லட்டிலோ ஈரப்பதம் 10 விழுக்காட்டைத் தாண்டாது. அதனால், ஒரு கிலோகிராம் பெல்லட்டை எரித்தால் ஏறத்தாழ 4.8 கிலோவாட் மணி வெப்பம் கிடைக்கிறது. ஏறக்குறைய இரண்டு கிலோகிராம் பெல்லட், ஒரு லிட்டர் எண்ணெய் தரும் வெப்பத்தைத் தருகிறது.

1970ஆம் ஆண்டுகளில் எண்ணெய் விலை திடீரென ஏறியபோது, வட அமெரிக்காவில் மாற்று எரிபொருளைப் பலர் தேடினர். 1980களின் தொடக்கத்தில், போயிங் நிறுவனத்தில் பணியாற்றிய பொறியாளர் ஜெரி விட்ஃபீல்டு, வீட்டில் வைத்து எரிக்கத்தக்க பெல்லட் அடுப்பை உருவாக்கினார். பின்னர் அது ஐரோப்பாவிலும் பரவியது. இன்று வீடுகளில் பெல்லட் அடுப்புகளை மிகுதியாகப் பயன்படுத்தும் ஐரோப்பிய நாடுகளில் இத்தாலி முதன்மையானது. ஆயினும், அந்நாடு தனக்குத் தேவையான பெல்லட்டில் பெரும்பகுதியை இறக்குமதி செய்கிறது.

2022ஆம் ஆண்டில் அதன் விளைவு தெரிந்தது. உக்ரேன் போர் தொடங்கிய பிறகு, ரஷ்யாவிலிருந்தும் பெலாருஸிலிருந்தும் மரப்பொருள்களை வாங்க ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. எரிவாயு விலையும் ஏறியதால், பெல்லட்டைத் தேடுவோர் பெருகினர். அதற்கு முந்திய ஆண்டில் ஏறத்தாழ 5 யூரோவுக்குக் கிடைத்த 15 கிலோகிராம் பை, இலையுதிர்காலத்தில் 10 யூரோவைத் தாண்டியது. 2023ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் இத்தாலிய அரசு பெல்லட்டுக்கான மதிப்புக்கூட்டு வரியை 22 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாகக் குறைத்தது. எனினும், சந்தை விலை எந்தக் குடும்பத்தின் கையிலும் இல்லை. அவர்களின் கையில் இருந்தது, வரவேற்பறையில் நிற்கும் அடுப்பின் பொத்தான்கள் மட்டுமே. 'எந்த நிலையில் வைத்தால் பெல்லட் குறைவாகச் செலவாகும்?' என்னும் கேள்வி அந்தக் குளிர்காலத்தில் வீட்டுக்கு வீடு முக்கியமாயிற்று.

அடுப்பு இயங்கும் முறை

இக்கேள்விக்கு விடை காண, அடுப்பின் உள்ளமைப்பை அறிய வேண்டும். அடுப்பின் பின்புறத்தில் பெல்லட்டைக் கொட்டி வைக்கும் பெட்டி உள்ளது. அதன் அடியில் திருகாணி வடிவத்தில் ஒரு தண்டு இருக்கிறது. மின்பொறி அதைச் சுழற்றும்போது, பெல்லட் சிறிது சிறிதாக நகர்ந்து, முன்புறமுள்ள எரிகிண்ணத்தில் விழுகிறது. கிண்ணத்தின் அருகிலுள்ள மின்சூடேற்றி முதல் நெருப்பை மூட்டுகிறது.

அடுப்பில் இரண்டு விசிறிகள் உண்டு. ஒன்று புகையைப் புகைபோக்கி வழியாக வெளியே இழுக்கும். அவ்வாறு இழுக்கும்போது, எரிவதற்குத் தேவையான புதிய காற்று கிண்ணத்துக்குள் தானாக நுழைகிறது. மற்றொன்று அறையின் காற்றை எடுத்து, அடுப்பின் சூடான உலோகக் குழாய்களின் மீது செலுத்தி, மீண்டும் அறைக்கே அனுப்புகிறது. புகை செல்லும் வழியும் அறைக்காற்று செல்லும் வழியும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. இவை அனைத்தையும் ஒரு சிறு கணினி கட்டுப்படுத்துகிறது. ஆகவே, பெல்லட் அடுப்பு என்பது எரிபொருள், எரிகாற்று, அறைக்காற்று ஆகிய மூன்றையும் அளந்து செலுத்தும் ஒரு பொறியாகும். இந்த மூன்று அளவுகளோடு, அறைக்கு வேண்டிய வெப்பநிலையையும் வீட்டார் குறித்துவைக்கின்றனர்.

எரிநிலையும் எரிபொருளும்

பெரும்பாலான அடுப்புகளில் 1 முதல் 5 வரை எரிநிலைகள் உள்ளன. நிலையை உயர்த்தினால் திருகுத் தண்டு அதிக நேரம் சுழலும். அதனால், அதிக பெல்லட் விழும். எடுத்துக்காட்டாக, ஓர் அடுப்பு முதல் நிலையில் மணிக்கு 0.6 கிலோகிராமும் ஐந்தாம் நிலையில் மணிக்கு 1.8 கிலோகிராமும் எரிப்பதாகக் கொள்வோம். முதல் நிலையில் 15 கிலோகிராம் பை ஒன்று 25 மணி நேரம் நீடிக்கும். ஐந்தாம் நிலையிலோ அது 8 மணி 20 நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

இதைக் கேட்டவுடன், 'முதல் நிலையே சிக்கனமானது' என்று முடிவு செய்யத் தோன்றும். ஆனால், அம்முடிவு முழு உண்மையன்று. ஐந்தாம் நிலையில் 6 மணி நேரம் எரித்தால் செலவாகும் பெல்லட் 10.8 கிலோகிராம். இரண்டாம் நிலையில் மணிக்கு 0.9 கிலோகிராம் வீதம் 12 மணி நேரம் எரித்தாலும் செலவு அதே 10.8 கிலோகிராம்தான். இரண்டிலும் பெல்லட் முழுமையாக எரிந்து, வெப்பத்தின் 90 விழுக்காடு அறைக்குள் வந்தால், கிடைப்பது ஏறத்தாழ 47 கிலோவாட் மணி வெப்பமே. எரிநிலை புதிதாக வெப்பத்தை உண்டாக்குவதில்லை. பெல்லட்டில் உள்ள வெப்பம் எவ்வளவு விரைவாக வெளிவர வேண்டும் என்பதை மட்டுமே அது முடிவு செய்கிறது.

அப்படியானால், சில வீடுகளில் மட்டும் பெல்லட் ஏன் விரைவில் தீர்ந்துபோகிறது? அந்த வெப்பம் எங்கே போகிறது என்று பார்த்தால் விடை கிடைக்கும். வெப்பம் வீணாகும் வழிகள் முக்கியமாக இரண்டு. ஒன்று புகைபோக்கி, மற்றொன்று வீட்டின் சுவர், சன்னல், கூரை ஆகியவை.

சுடர் சொல்லும் செய்தி

ஒரு கிலோகிராம் பெல்லட் முழுமையாக எரிய ஏறத்தாழ 4.5 கன மீட்டர் காற்று தேவை. பெல்லட்டும் காற்றும் எரிகிண்ணத்தில் எல்லா இடத்திலும் ஒரே சீராகக் கலப்பதில்லை. ஆகையால், நடைமுறையில் இதைவிடக் கூடுதலான காற்றே செலுத்தப்படுகிறது. அந்தக் கூடுதல் அளவுக்கும் ஒரு வரம்பு உண்டு.

காற்று குறைந்தால், சுடர் நீண்டு உயர்ந்து, கருஞ்சிவப்பாகச் சோம்பி அசையும். அடுப்பின் கண்ணாடியில் கரி படியும். புகையோடு எரியாத வாயுக்களும் நுண்துகள்களும் வெளியேறும். எரியாமல் போன அந்தப் பொருள்களும் பணம் கொடுத்து வாங்கிய எரிபொருளே. மேலும், குழாய்களில் படியும் கரி, வெப்பம் அறைக்குள் வருவதைத் தடுக்கும் போர்வையாகிவிடுகிறது.

காற்று மிகுந்தாலும் கேடுதான். அப்போது சுடர் குட்டையாகிச் சீறும். முழுமையாக எரியாத பெல்லட் துண்டுகள் கிண்ணத்திலிருந்து துள்ளி வெளியே விழும். எரிவதற்குத் தேவைப்படாத காற்று, உள்ளே நுழைந்து சூடேறி, அந்தச் சூட்டை எடுத்துக்கொண்டே புகைபோக்கி வழியாகப் போய்விடும். 

சரியான சுடர் மஞ்சள் நிறத்தில் பளிச்சென்று உயிர்ப்போடு எரியும். கண்ணாடியில் கரிக்குப் பதிலாக வெளிர்நிறச் சாம்பல் மட்டும் மெல்லியதாகப் படிந்திருக்கும். கருவிகள் எவையும் இல்லாமலேயே வீட்டார் கண்ணால் கண்டறியக்கூடிய அடையாளங்கள் இவை. புகைபோக்கியின் நீளமும் வளைவும் வீட்டுக்கு வீடு மாறுபடுவதால், அடுப்பைப் பொருத்தும்போதே எரிகாற்றின் அளவைத் தொழில்நுட்பர் அளந்து சரிசெய்ய வேண்டும்.

காற்றின் அளவு பிழையானால் ஏற்படும் இழப்பைக் கணக்கிட்டும் பார்க்கலாம். ஒரு வீட்டுக்கு நாளொன்றுக்கு 45 கிலோவாட் மணி வெப்பம் தேவை என்க. அடுப்பு 90 விழுக்காட்டுத் திறனோடு இயங்கினால் 10.4 கிலோகிராம் பெல்லட் போதும். திறன் 75 விழுக்காடாகக் குறைந்தால் 12.5 கிலோகிராம் தேவைப்படும். 30 நாளில் இந்த வேறுபாடு 60 கிலோகிராமுக்கு மேல், அதாவது நான்கு பைகளுக்கு மேல் ஆகிவிடும். பை ஒன்று 10 யூரோ என்றால், மாதத்துக்கு 40 யூரோவுக்கு மேல் புகையோடு போய்விடும்.

அறைக்காற்று விசிறியின் பங்கு

அறைக்காற்று விசிறியின் இரைச்சலைக் குறைப்பதற்காகச் சிலர் அதன் வேகத்தைத் தாழ்த்திவைப்பர். எரிநிலை தாழ்வாக இருக்கும்போது இதனால் பெரிய இழப்பு இல்லை. ஆனால், எரிநிலையை உயர்த்திவிட்டு விசிறியை மட்டும் தாழ்த்தினால், உலோகக் குழாய்களிலுள்ள சூட்டை அறைக்காற்றால் முழுமையாக எடுத்துக்கொள்ள இயலாது. அந்தச் சூடு புகையோடு சென்றுவிடும். அடுப்பின் பாகங்களும் அளவுக்கு மீறிச் சூடேறும். ஆகவே, எரிநிலையும் விசிறியின் வேகமும் சேர்ந்தே உயரவும் தாழவும் வேண்டும். பல அடுப்புகளில் கணினியே இதைத் தானாகச் செய்கிறது.

ஒரு பாகையின் விலை

வெப்பம் வீணாகும் இரண்டாவது வழி வீடுதான். உள்ளே உள்ள வெப்பநிலைக்கும் வெளியே உள்ள வெப்பநிலைக்கும் இடையிலான வேறுபாடு எவ்வளவு பெரிதோ, அந்த அளவுக்கு வீடு வெப்பத்தை இழக்கும். வெளியே 5 பாகை, உள்ளே 20 பாகை என்றால், வேறுபாடு 15 பாகை. உள்ளே 22 பாகையாக உயர்த்தினால், வேறுபாடு 17 பாகை ஆகிறது. இரண்டு பாகை மட்டுமே கூடினாலும் வெப்ப இழப்பு ஏறத்தாழ 13 விழுக்காடு கூடிவிடுகிறது. நாளுக்கு 10.4 கிலோகிராம் எரிக்கும் வீட்டில், இது மாதத்துக்கு ஏறக்குறைய மூன்று பைகளுக்குச் சமம். 2022ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் எரிவாயுவால் சூடாக்கப்படும் கட்டடங்களின் வெப்பநிலையை ஒரு பாகை குறைக்குமாறு இத்தாலிய அரசு ஆணையிட்டதற்கும் இதே கணக்குதான் அடிப்படை.

இங்கு ஒரு தவறான எண்ணத்தையும் களைய வேண்டும். குளிர்ந்த வீட்டுக்குள் நுழைபவர், 'விரைவில் சூடாகட்டும்' என்று வேண்டிய வெப்பநிலையை 26 பாகைக்கு உயர்த்துவது உண்டு. தானியங்கி முறையில் இயங்கும் அடுப்பு, குறித்த வெப்பநிலையை நெருங்கும் வரை தன் உயர்ந்த எரிநிலையிலேயே இயங்கும். 20 என்று குறித்தாலும் 26 என்று குறித்தாலும் அறை 20 பாகையை அடையும் நேரம் ஏறத்தாழ ஒன்றே. 26 என்று குறித்தவரின் வீட்டில் அடுப்பு அதன் பிறகும் நிற்காது. அறை தேவைக்கு மீறிச் சூடாகும். அவர் சன்னலைத் திறப்பார். காசு கொடுத்து வாங்கிய வெப்பம் தெருவுக்குப் போகும். வெயிலில் களைத்து வீடு திரும்புபவர் குளிரூட்டியை 16 பாகைக்கு இறக்குவதும் பெரும்பாலும் இதே தவறுதான்.

சிக்கனம் கருதி அடுப்பை அடிக்கடி அணைத்து அணைத்து மூட்டுவதும் நல்லதன்று. தொடங்கும்போதும் அணையும்போதும் நெருப்பு சீராக எரிவதில்லை, புகை மிகும். ஒவ்வொரு முறையும் மின்சூடேற்றிக்கு மின்சாரம் செலவாகும். அதன் ஆயுளும் குறையும். வீட்டின் தேவைக்கு மிகப் பெரிய அடுப்பை வாங்குவோருக்கு இந்தத் தொல்லை அதிகம். அறை சில நிமிடங்களில் சூடாகி அடுப்பு அணையும். சற்று நேரத்தில் மீண்டும் எரியத் தொடங்கும். மாறாக, வீடு இழக்கும் வெப்பத்துக்கு ஈடான நிலையில் அடுப்பைத் தொடர்ந்து சீராக எரிய விடுவதே ஏற்றது. வீட்டில் பல மணி நேரம் எவரும் இல்லாதபோது அணைத்துவைப்பதோ, வெப்பநிலையைக் குறைத்துவைப்பதோ உண்மையான சிக்கனமாகும்.

பொத்தானால் ஆகாதவை

எவ்வளவு நுட்பமாக அமைத்தாலும், ஈரமான பெல்லட்டையும் அடைத்துக்கொண்ட கிண்ணத்தையும் பொத்தானால் சரிசெய்ய இயலாது. ஈரம் பட்ட பெல்லட் உப்பி, உதிர்ந்து, தூளாகிவிடும். தரமற்ற பெல்லட்டில் சாம்பல் மிகுதி. அது கட்டியாக இறுகி, எரிகிண்ணத்தின் காற்றுத் துளைகளை அடைத்துவிடும். தரச்சான்று பெற்ற முதல் தரப் பெல்லட்டில் சாம்பல் 0.7 விழுக்காட்டுக்கு மேல் இருத்தலாகாது. கிண்ணத்தை நாள்தோறும் தூய்மை செய்வதும், புகைபோக்கியை ஆண்டுதோறும் தொழில்நுட்பரைக் கொண்டு துப்புரவு செய்வதும் எரிபொருளைச் சேமிக்கும் செயல்களே.

அவை உயிரைக் காக்கும் செயல்களும் ஆகும். காற்று போதாமல் எரியும் நெருப்பு கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவை உண்டாக்குகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. புகைபோக்கி அடைபட்டு அது வீட்டுக்குள் கசிந்தால், உறங்குவோர் அறியாமலேயே உயிரிழக்க நேரிடும். அதனால், அடுப்பு உள்ள வீட்டில் அந்த வாயுவைக் கண்டறிந்து ஒலியெழுப்பும் கருவியைப் பொருத்துவது இன்றியமையாதது.

வெளியேறும் புகை அண்டை வீட்டாரையும் பாதிக்கும். வட இத்தாலியின் போ ஆற்றுச் சமவெளியை ஆல்ப்ஸ் மலையும் அப்பென்னைன் மலையும் சூழ்ந்துள்ளன. குளிர்காலத்தில் அங்குக் காற்றோட்டம் குறைவு. வீடுகள் வெளியிடும் நுண்துகள்கள் நகராமல் அங்கேயே தங்கி, மக்களின் நுரையீரலைத் தாக்குகின்றன. இதனால், இத்தாலியில் மர எரிபொருள் அடுப்புகள் ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் வரை தரம் பிரிக்கப்படுகின்றன. குறைந்த நட்சத்திரமுள்ள அடுப்புகளின் பயன்பாட்டுக்குச் சமவெளிப் பகுதியின் மாநிலங்கள் கட்டுப்பாடு விதித்துள்ளன. ஐந்து நட்சத்திர அடுப்பாயினும், காற்று குறைந்தால் அதுவும் கரும்புகையையே வெளிவிடும்.

அளவறிதல்

பெல்லட் அடுப்பின் சிக்கனம் ஒரே ஓர் எண்ணில் அடங்கியிருக்கவில்லை. எரிபொருளுக்கு ஏற்ற காற்று, எரிநிலைக்கு ஏற்ற விசிறி வேகம், உடலுக்குப் போதுமான வெப்பநிலை ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தி நிற்க வேண்டும். ஒன்றை மட்டும் குறைத்துப் பணத்தைச் சேமிக்க முயல்வோர், மற்றொன்றில் அதை இழக்கின்றனர். குளிர்நாட்டின் அடுப்புக்கு மட்டுமன்றி, வெப்பநாட்டின் குளிரூட்டிக்கும் சமையலறை அடுப்புக்கும் இது பொருந்தும். தேவை எவ்வளவு என்பதை முதலில் அறிந்து, அதற்கு ஏற்றபடி கருவியை அமைப்பவரே ஆற்றலைச் சிக்கனமாகப் பயன்படுத்துபவர் ஆவார்.

சிந்தித்துப் பதிலளித்திடுக

1. முதல் எரிநிலையே எப்போதும் சிக்கனமானது என்னும் கருத்து ஏன் முழு உண்மையன்று?

2. எரிகாற்று குறைந்தாலும் மிகுந்தாலும் எரிபொருள் வீணாகும். இரண்டுக்கும் உரிய அடையாளங்களையும் காரணங்களையும் ஒப்பிட்டு எழுதிடுக.

3. வெளியே 0 பாகை செல்சியஸ். வீட்டினுள் 20 பாகை. உள் வெப்பநிலையை 19 பாகையாகக் குறைத்தால், வெப்ப இழப்பு எத்தனை விழுக்காடு குறையும்?

4. உமது வீட்டிலுள்ள குளிரூட்டி அல்லது வேறொரு மின்கருவியின் அமைப்பு, மின்கட்டணத்தை எவ்வாறு பாதிக்கிறது என்பதைக் குடும்பத்தாருடன் கலந்துரையாடி, ஒரு பத்தியில் எழுதிடுக.